ரோட்டரி கட்டர் பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடுகிறது: சாணை பிடிக்கலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கோட்டையூர் தையற்காரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவும் ஆயாவும் கட்டிய கண்டாங்கிச் சேலைகள் பெட்டகத்தில் மடித்த மடிப்பிலேயே பல காலமாக இருந்தன. மடிப்பு விழுந்த இடங்கள் இற்றுப்போயிருந்தாலும் மற்ற இடங்களில் துணி இன்னும் கெட்டியாக இருக்கிறது. நல்ல பகுதிகளை மட்டும் 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துக் குவில்ட்டாகத் தைத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும் என்று இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டினால் கட்டங்கள் கோணிப்போவதால் 45 மி.மீ. ரோட்டரி கட்டர் (கைப்பிடியில் சுழலும் வட்டப் பிளேடு கொண்ட கருவி), பச்சை நிறக் கட்டிங் மேட் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பு), அக்ரிலிக் அளவுகோல் ஆகியவற்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன்.

என் சிக்கல் பிளேடுதான். புதிதாக மாட்டியதும் நான்கு மடிப்புத் துணி ஒரே உருட்டில் சுத்தமாக அறுபடுகிறது. சேலையின் உடற்பகுதியை முடித்துக் கரைப்பகுதிக்கு வரும்போதே தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. வெட்டி முடித்துவிட்டோம் என்று நினைத்துச் சதுரத்தைத் தூக்கினால், ஒன்றிரண்டு நூல்கள் மட்டும் அறுபடாமல் பக்கத்துத் துண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகின்றன. அவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கும்போது ஓரம் பிசிறடிக்கிறது. அதே கோட்டில் இரண்டாம் முறை அழுத்தி உருட்டினால் மேட்டில் பள்ளம் விழுகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது.

நல்ல பிளேடு எங்கள் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வரவழைக்கத்தான் வேண்டியிருக்கிறது, விலையும் குறைவில்லை. எனவே தெருவில் வருகிற சாணை பிடிப்பவரிடம் இந்தப் பிளேடுகளைக் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அலுமினியத் தாளை மடித்து அதில் வெட்டினால் கூர் திரும்பி வரும் என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையா? இவ்வளவு விரைவில் மழுங்குவதற்குக் கண்டாங்கித் துணியின் கெட்டித்தன்மைதான் காரணமா, வேறு ஏதேனும் இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

தங்கச்சிக்கு வணக்கம். சாணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உங்கள் பிளேடு உண்மையிலேயே மழுங்கியிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நூல் அறுபடாமல் நிற்பதற்கு மழுங்கல் ஒரு காரணம் மட்டுமே. விளிம்பில் விழுந்த பொக்கை, மேட்டில் விழுந்த பள்ளம், நட்டின் இறுக்கம், உள்ளே அடைந்த பஞ்சுத்தூசி ஆகிய ஒவ்வொன்றும் நூலை விட்டுவிடும். எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளியில் விடுகிறது என்பதைக் கவனித்தால் எது காரணம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு நீளமான துண்டை எடுத்து, ஒற்றையாக மேட்டின் மேல் விரித்து, அளவுகோலை ஒட்டி ஒரே வேகத்தில், கையைத் தூக்காமல் ஓர் உருட்டு உருட்டுங்கள். பிறகு துண்டுகளைப் பிரிக்காமல் அப்படியே வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நூல் விட்ட இடங்களில் பென்சிலால் குறியிட்டு, ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 45 மி.மீ. பிளேடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 14 செ.மீ.-க்குச் சற்றே கூடுதலான தூரம் செல்லும். நூல் விட்ட இடங்கள் சரியாக அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் பொக்கை விழுந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். ஒரு சிறிய இடைவெளி, ஒரு பெரிய இடைவெளி என்று மாறி மாறி வந்து, இரண்டையும் கூட்டினால் 14 செ.மீ. வருமானால் பொக்கைகள் இரண்டு. 28 மி.மீ. பிளேடாக இருந்தால் இந்த அளவு 8.8 செ.மீ., 60 மி.மீ. பிளேடாக இருந்தால் 18.8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொக்கை எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டுமானால், பிளேட்டின் முகத்தில் விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து மீண்டும் மெதுவாக உருட்டுங்கள். அந்தப் புள்ளி எந்த நிலைக்கு வரும்போது நூல் விடுகிறது என்று கவனித்தால், அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். ஊசி முனையளவு நொறுங்கியிருப்பது நன்றாகத் தெரியும்.

நூல் விடும் இடம் பிளேட்டின் சுற்றோடு பொருந்தாமல், எப்போதும் மேட்டின் ஒரே இடத்தில் நிகழுமானால் பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம். மேட்டைத் திருப்பிப் போட்டு அதே துணியை வெட்டிப் பாருங்கள். அப்போது சுத்தமாக அறுபட்டால் காரணம் மேட்டில் உள்ள பள்ளம்தான். துணி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவதால் பிளேடு அதை எட்டுவதில்லை. அச்சிட்ட அங்குலக் கோட்டின் மீதே எல்லாரும் எப்போதும் வெட்டுவதால் இது பெரும்பாலும் நடுக்கோட்டில்தான் வரும்.

இடைவெளி என்று எதுவும் இல்லாமல் வெட்டு முழுவதும் இழுத்து இழுத்து வந்தால்தான் பிளேடு சுற்றிலும் மழுங்கியிருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். அப்போதும் உடனே மாற்ற வேண்டாம். ஒரு முறை கழற்றித் துடைத்துப் பாருங்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நட்டு, வளைந்த வாஷர், காப்பு மூடி, பிளேடு, திருகு எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியின் மேல் வையுங்கள். அந்த வளைந்த வாஷரை முதலில் இருந்த பக்கமாகவே திரும்ப மாட்ட வேண்டும், இல்லையென்றால் பிளேட்டின் மீதான பிடிப்பே மாறிவிடும். பிளேட்டுக்கும் காப்பு மூடிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு வளையம் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து இறுகியது. கண்டாங்கி போன்ற கெட்டிப் பருத்தியில் இது மிக விரைவாகச் சேரும். இதை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் துடைத்து எடுத்துவிட்டு, தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயில் ஒரே ஒரு துளியைப் பிளேட்டின் நடுப்பகுதியில், காப்பு மூடி உரசும் பக்கத்தில் தடவி, மீண்டும் மாட்டுங்கள். பிறகு ஏதாவதொரு வீண் துணியில் நான்கைந்து முறை உருட்டிவிட்டால் மிகுதி எண்ணெய் அதில் போய்விடும்.

நட்டை இறுக்கும் அளவும் முக்கியம். அதிகமாக இறுக்கினால் பிளேடு சுழலாமல் துணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பின் ஒரே பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். தளர்வாக விட்டாலோ பிளேடு ஆடி ஆடி அளவுகோலின் ஓரத்தைச் சீவும். கட்டரை மேட்டின் மீது லேசாக உருட்டினால் பிளேடு தடையின்றிச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் அளவு.

இன்னொன்றையும் பாருங்கள். ஐந்தும் பத்துமாக ஒரே டப்பியில் வரும் பிளேடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் இரண்டு சேர்ந்தே கையில் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் புதிய பிளேடும் வெட்டாது.


மறுமொழி: தேவகோட்டை கருவிக்கூடம்

ஆச்சி அவர்கள் சொன்ன சோதனை மிகச் சரியானது. நான் சாணையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பட்டறையில் வெட்டுக்கருவிகளோடு வேலை செய்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: தெருவில் வரும் சாணைக்காரரிடம் ரோட்டரி பிளேட்டைக் கொடுக்காதீர்கள்.

அவருடைய தொழிலில் எந்தக் குறையும் இல்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் பிடிக்கும் சாணை மிக நன்றாகவே நிற்கும். ஆனால் அவற்றின் இரும்பு தடிமனானது. சுழலும் கல்லில் வைக்கும்போது பிறக்கும் சூட்டை அது உள்வாங்கிக்கொள்ளும். 45 மி.மீ. பிளேட்டின் தடிமன் ஏறத்தாழ 0.3 மி.மீ. மட்டுமே, விளிம்பில் அதைவிட மிகக் குறைவு. கல்லில் வைத்த நொடியிலேயே அந்த விளிம்பு சூடேறி நீலம் பூத்துவிடும். நீலம் பூத்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பார்வைக்குக் கூராக இருந்தாலும் முதல் சேலையிலேயே அந்த இடம் மடங்கிவிடும். அதோடு வட்டம் முழுவதும், இரண்டு பக்கமும், ஒரே கோணத்தில், ஒரே அளவு இரும்பை எடுத்தால்தான் பிளேடு வட்டமாக இருக்கும். கையால் பிடித்து அதைச் செய்ய இயலாது. வட்டம் சிறிது கெட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடம் மேட்டைத் தொடாமல் போகும். இப்போது இருக்கும் அதே சிக்கல் திரும்ப வரும்.

ரோட்டரி பிளேட்டுக்கென்றே விற்கப்படும் சிறு சாணைப்பெட்டிகள் உண்டு. பிளேட்டை உள்ளே வைத்து, அழுத்திச் சுழற்றினால் உரசும் பரப்பு விளிம்பின் இரு பக்கத்தையும் தேய்க்கும். சுற்றிலும் சீராக மழுங்கிய பிளேட்டுக்கு அது ஓரளவு உயிர் கொடுக்கும், ஆனால் புதிய பிளேட்டின் கூர் வராது. பொக்கை விழுந்த பிளேட்டுக்கு அதனால் பயனில்லை. பொக்கையின் ஆழம் வரைக்கும் விளிம்பு முழுவதையும் தேய்த்து இறக்கினால்தான் அது மறையும், அத்தனை இரும்பை அந்தப் பெட்டி எடுக்காது.

அலுமினியத் தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலுமினியம் பதமேற்றிய எஃகைவிட மிக மென்மையானது. மென்மையான பொருள் கடினமான பொருளைத் தேய்த்துக் கூராக்காது. விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசுக்கை அது துடைக்கும், லேசாக மடங்கிய பிசிறைச் சற்றே நிமிர்த்தலாம். அவ்வளவுதான் அதன் வேலை. அவசரத்துக்கு ஒரு பொழுது ஓட்டலாம்.

1979-ல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தபோதே, தேய்ந்த பிளேட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது என்ற கணக்கில்தான் அதை அமைத்தது. அதன் நிறுவனர் யோஷியோ ஒகாடா 1956-லேயே, முனை மழுங்கினால் ஒடித்துவிட்டு அடுத்த முனையால் வெட்டும் கத்தியை உருவாக்கியவர். அதே சிந்தனையில் பிறந்த கருவிக்குச் சாணை தேடுவதைவிட, ஒரு பிளேட்டை நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி என்று பார்ப்பதே பயன் தரும்.

எனது முறை இது. புதிய பிளேடு நல்ல துணிக்கு மட்டும். அதன் முதல் கூர் போனதும் பஞ்சு விரிப்பை வெட்டுவதற்குத் தனியாக வைத்துள்ள இரண்டாவது கட்டரில் மாட்டிவிடுவேன். அங்கும் தேய்ந்தபின் அது காகித மாதிரிகளையும் அட்டையையும் வெட்டப் போகும். காகிதம் வெட்டிய பிளேட்டைத் திரும்பத் துணிக்குக் கொண்டுவரவே கூடாது. காகிதத்தில் கலந்திருக்கும் கனிமப் பொடிகள் விளிம்பைத் தேய்த்துவிடும்.


மறுமொழி: காரைக்குடி கைத்தறி வீடு

எங்கள் வீட்டில் கைத்தறித் துணி வியாபாரம் என்பதால் துணியைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லலாம் என்று தோன்றியது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் காரைக்குடிக் கண்டாங்கி கெட்டியான பருத்திதான். அகலமான கரையில் நூல் நெருக்கமும் கூடுதல்தான். ஆனால் பருத்தி நூல் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், அது மட்டுமே ஒரு நல்ல பிளேட்டை ஒரே சேலையில் மழுங்க வைக்காது. பழைய சேலையில் நூலோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது மண். நம் பக்கம் செம்மண் பூமி. சேலையைத் துவைத்து மாடியிலோ கைப்பிடிச் சுவரிலோ உலர்த்தினால் காற்றில் வரும் மண் ஈரத்துணியில் படியும். அதன் மேல் கஞ்சி போட்டுவிட்டால் அந்தத் துகள் நூலோடு ஒட்டி உறைந்துவிடும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கடினமான எஃகுக்கு ஈடு கொடுக்கும் கனிமம். பிளேடு அதன் மீது உருளும் ஒவ்வொரு முறையும் விளிம்பு தேயும். சேலையின் கீழ்க்கரைதான் தரையில் புரண்ட பகுதி, ஆகவே மண் மிகுதியாக இருப்பதும் அங்குதான். கரைக்கு வரும்போது தடுமாற்றம் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வந்தது.

எனவே வெட்டுவதற்கு முன் சேலையை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய கஞ்சி முழுவதும் இறங்கும் வரை அலசுங்கள். இற்றுப்போன துணியைப் பிழியாதீர்கள், நீரை வடியவிட்டு நிழலில் விரித்துப் போடுங்கள். ஊறிய நீரின் அடியில் படியும் வண்டலைப் பார்த்தாலே உங்கள் பிளேடு எதை வெட்டிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். உலர்ந்தபின், மெல்லிய துணியில் வடிகட்டிய நீர்த்த கஞ்சியை லேசாகப் போட்டு, இஸ்திரி செய்து வெட்டினால் துணி நெளியாமல் நிற்கும். 5 அங்குலம் என்றால் 5 அங்குலமாகவே வரும்.

இரண்டாவது உலோகம். விலைச்சீட்டைக் குத்தியிருந்த ஸ்டேப்ளர் கம்பியின் ஒரு கால் உடைந்து முந்தானையின் மடிப்புக்குள்ளேயே தங்கியிருக்கும். சேலையில் குத்திய ஊக்கு துருப்பிடித்து, ஊக்கை எடுத்தபின்னும் துருத்துணுக்குத் துணியில் நிற்கும். ஒரு வலுவான காந்தத்தைத் துணியின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பட்டோ சரிகைக் கரையோ கலந்து வெட்டுவதாக இருந்தால் சரிகைப் பகுதியைக் கத்தரிக்கோலால் தனியே எடுத்துவிடுங்கள். அசல் சரிகை என்பது உலோக இழை. ரோட்டரி பிளேடு அதற்கானது அன்று.


மறுமொழி: கோட்டையூர் தையற்காரி

ஆச்சிக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. ஆச்சி சொன்னபடி வெள்ளைத் துணியில் உருட்டிப் பார்த்தேன். நூல் விட்ட இடங்கள் 14 செ.மீ. இடைவெளியில் ஒழுங்காக வந்தன. மார்க்கர் புள்ளி வைத்துத் தேடியதில் பொக்கையும் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தவிர, மேட்டின் நடுவில் ஒரு கோட்டில் மட்டும் எந்தப் பிளேடு போட்டாலும் நூல் விடுகிறது. மேட்டைத் திருப்பினால் விடுவதில்லை. ஆக, இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்திருக்கின்றன. சேலைகளை ஊறவைத்ததில் பாத்திரத்தின் அடியில் செம்மண் நிறத்தில் வண்டல் நின்றதும் உண்மை.

இப்போது மேட்டைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. வளவில் முற்றத்தை ஒட்டி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மேட்டை விரித்து உட்கார்ந்துதான் வெட்டுகிறேன். வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறது. ஆனால் மேட்டின் ஒரு மூலை சிறிது தூக்கிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தையும் இதையும் சரிசெய்ய வழி உண்டா?


மறுமொழி: கானாடுகாத்தான் மேட்டு

மூலை தூக்கியதற்கு வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். இந்த மேட்டுகள் பிவிசி அடுக்குகளால் ஆனவை. சூடு பட்டால் இளகி, ஆறும்போது கோணிக்கொள்ளும். முற்றத்து வெளிச்சம் காலையில் ஓரமாக இருந்தாலும் உச்சி நேரத்தில் நகர்ந்து மேட்டின் மேலேயே விழும். சித்திரை வைகாசி மாதங்களில் அது போதும். வேலை முடிந்ததும் மேட்டை உள்ளே எடுத்து, பட்டாலையிலோ கட்டிலுக்கு அடியிலோ தட்டையாக வையுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், கார் டிக்கியில் விடவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாத துணியையும் அதன் மேல் போடாதீர்கள். லேசாகக் கோணிய மேட்டைத் தட்டையான தரையில் போட்டு, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிச் சில நாள் விட்டால் ஓரளவு படியும். நன்றாகக் கோணிவிட்டால் திரும்புவது அரிது.

நடுக்கோட்டில் இருப்பது முழுவதும் பள்ளம் அன்று, பாதி அடைப்பாக இருக்கும். பஞ்சு விரிப்பை அதே மேட்டில் வெட்டினால் அதன் இழைகள் வெட்டுத் தடத்துக்குள் அமுங்கி, தடம் மூடிக்கொள்ள முடியாமல் பிளந்தே நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் தடத்தின் குறுக்கே தேய்த்தால் இழைகள் திரண்டு வெளியே வரும். பிறகு மென்மையான பிரஷ்ஷும் சிறிது சோப்பும் கொண்டு குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் படுக்கை வாட்டத்தில் உலர்த்துங்கள். வெந்நீர் கூடாது. அதன் பிறகும் தடம் ஆழமாக இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகி வெட்டுவதே வழி. அச்சிட்ட கோட்டை நம்பாமல் அளவுகோலின் கோட்டை வைத்து அளந்து, மேட்டின் வெவ்வேறு இடங்களில் மாற்றி மாற்றி வெட்டினால் மேட்டும் சீராகத் தேயும், பிளேடும் நீடிக்கும்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல்லின் மேற்பரப்பு கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பதால் வழவழப்பாக இருந்தாலும், அது சிமெண்டும் மணலும் சேர்ந்த கல்தான். வெட்டின் முடிவில் பிளேடு மேட்டின் ஓரத்தைத் தாண்டித் தரையில் ஒரு முறை இறங்கினாலே பொக்கை விழும். துணியின் முனை மேட்டின் ஓரத்திலிருந்து நான்கு விரற்கடையாவது உள்ளே இருக்கும்படி விரித்துக்கொள்ளுங்கள். அதைவிட, உட்கார்ந்து குனிந்து வெட்டும்போது கை எடை முழுவதும் பிளேட்டின் மேல் இறங்குவதால் அழுத்தமும் தேவைக்கு மேல் போகும். இடுப்பு உயர மேசையில் நின்றுகொண்டு வெட்டினால் பாதி அழுத்தமே போதுமானது என்பதை உடனே உணர்வீர்கள்.


மறுமொழி: கண்டனூர் விரிப்பு

தேவகோட்டை அண்ணன் அவர்கள் அலுமினியத் தாளை மிகவும் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக நினைக்கிறேன். நான் தாளை ஏழெட்டு மடிப்பாக மடித்து அதில் பலமுறை வெட்டிவிட்டுத் துணியை வெட்டும்போது தெளிவான வேறுபாட்டை உணர்கிறேன். புதிய பிளேடு வந்து சேரும் வரை அதைக் கொண்டே வேலையை முடித்திருக்கிறேன்.


மறுமொழி: தேவகோட்டை கருவிக்கூடம்

கண்டனூர் தங்கச்சி உணர்ந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அது பிசுக்கு அகன்றதால் வந்தது என்பதே என் கருத்து. ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை தாளில் வெட்டுவதற்கு முன், ஆச்சி சொன்ன முறையில் பிளேட்டைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி வெட்டிப் பாருங்கள். அதன் பிறகு தாளில் வெட்டிவிட்டு மீண்டும் ஒரு முறை பாருங்கள். இரண்டாவது படியில் கூடுதலாக எவ்வளவு முன்னேற்றம் கிடைக்கிறது என்பதை வைத்து நாம் பேசலாம். எப்படியிருந்தாலும், மழுங்கிய பிளேட்டோடு நீண்ட நேரம் வேலை செய்ய வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூர் குறையக் குறைய நாம் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். அழுத்தம் கூடும்போது பிளேடு அளவுகோலின் மேல் ஏறி, அதைப் பிடித்திருக்கும் கைவிரல்களின் பக்கம் வழுக்குகிறது. புதிய பிளேட்டுக்குப் போதுமானதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். அதற்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது.


மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

கோட்டையூர்த் தங்கச்சிக்கு இன்னும் இரண்டு செய்திகள். கழற்றிய பிளேட்டை வெறுங்கையால் தொட்டபடியே வைத்துவிடாதீர்கள். வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் துருப்புள்ளி வரும், விளிம்பில் வந்த துரு பொக்கையாகவே முடியும். துடைத்து, எண்ணெய்ப் பூச்சோடு, அது வந்த டப்பியிலேயே வைத்து, மேலே "துணி", "பஞ்சு", "காகிதம்" என்று எழுதி வைத்தால் வீட்டில் மற்றவர்கள் எடுத்தாலும் கலந்துபோகாது.

முற்றிலும் பயன் தீர்ந்த பிளேடுகளை அப்படியே குப்பையில் போட வேண்டாம். வட்டமாக இருப்பதால் பை கிழிந்து வெளியே வரும். தூய்மைப் பணியாளர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மூடியில் நாணயம் போடும் அளவுக்கு ஒரு கீறல் வெட்டி, தேய்ந்த பிளேடு, உடைந்த ஊசி, வளைந்த குண்டூசி எல்லாவற்றையும் அதில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் கீறலையும் மூடியின் விளிம்பையும் பசைநாடாவால் சுற்றி ஒட்டி, மேலே "பிளேடு, ஊசி" என்று பெரிய எழுத்தில் எழுதி, குப்பையோடு சேர்க்காமல் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.